ஏழாவது நிபந்தனையும் ஒரு சந்தன நிறப் பட்டும்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளியின் மகன் கேட்டார். அறிவுரை மாதிரி இருக்கட்டும் என்றார். அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். இல்லை என்று தெரிந்தது. தகுதி இல்லாதவர்கள்தான் அதிகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

என் பெயர் சேவியர். வீடு ஆவடியில். கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருக்கும் நம் டிரை கிளீனிங் கடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். முதல் பாதி, உள்ளே கறை எடுக்கும் மேஜையில். மறு பாதி, அந்த மேஜையோடு முன்னால் கவுண்டரும் என் தலையில் விழுந்தது. கறையை எடுப்பது சுலபம், கறையோடு வருகிற ஆளைச் சமாளிப்பதுதான் வேலை என்பது கவுண்டருக்கு வந்த முதல் வாரமே புரிந்துவிட்டது.

மெஷினை ஓட்டுவது, ஃபில்டரைக் கழுவுவது இதையெல்லாம் கம்பெனிக்காரர் வந்து உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். நான் அதற்குள் போகப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிரை கிளீனிங் என்ற பெயரிலேயே முதல் வார்த்தை பொய். துணி நனைகிறது, தொப்பலாக நனைகிறது. தண்ணீருக்குப் பதிலாக வேறொரு திரவம், அவ்வளவுதான். அந்தத் திரவத்துக்கு எண்ணெய் என்றால் உயிர். நெய், கிரீஸ், லிப்ஸ்டிக், பிரியாணிக் கறை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சர்க்கரையையும் வியர்வையையும் உப்பையும் ஏறெடுத்தும் பார்க்காது. அவற்றுக்குத் தண்ணீர்தான் வேண்டும்.

இதில் சர்க்கரை ரொம்ப வஞ்சகமான சங்கதி. நிறமில்லாத ஜூஸோ இளநீரோ பட்டில் கொட்டினால் காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துணி மெஷினில் போய் நன்றாகக் குளித்துவிட்டு, சர்க்கரையை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு உலர்த்துகிற சூட்டிலும் அயர்ன் சூட்டிலும் அது பழுப்பாகும். அடுப்பில் பாகு காய்ச்சும்போது நிறம் மாறுகிறதே, அதேதான். ஆக, அழுக்கோடு கொடுத்த துணி சுத்தமாக வருவதற்குப் பதிலாக, சுத்தமாகக் கொடுத்த துணி கறையோடு வருகிறது. இதை ஒரு வாடிக்கையாளரிடம் விளக்கிப் பாருங்கள். உங்கள் தமிழ் நன்றாக வளரும்.

அதற்காகத்தான் மெஷினில் போடுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் விரலால் தடவிப் பார்க்கிறோம். சர்க்கரை காய்ந்த இடம் கொஞ்சம் மொறமொறப்பாக இருக்கும். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் ஈரத் துணியும் கொஞ்சம் நீராவியும் போதும், ஐந்து நிமிட வேலை. சூடு பட்டபிறகு கண்டுபிடித்தால் ஐந்து நாள் உட்கார்ந்தாலும் முழுக்கப் போகாது.

இனி கவுண்டருக்கு வருகிறேன். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது தொழில் ரகசியத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். "எவனாவது சண்டைக்கு வந்தா துணியப் பாக்காத. துணியப் பாத்தா மனசு எளகிடும். பில்லத் திருப்பு. ஏழாவதப் படி" என்றார். முப்பது வருட அனுபவம் நாலு வரியில் முடிந்துவிட்டது.

நம் பில்லின் பின்பக்கம் பன்னிரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. எறும்பு வரிசை மாதிரி எழுத்து. ஏழாவது என்ன சொல்கிறது என்றால், துணியின் இயல்பாலோ, சாயத்தாலோ, அதில் ஒட்டிய அலங்காரத்தாலோ, முன்பே இருந்து கண்ணுக்குத் தெரியாத கறையாலோ ஏற்படும் எந்த மாற்றத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. இதற்குள் அடங்காத சேதம் உலகத்தில் கிடையாது. வெள்ளம் வந்து கடையே அடித்துக்கொண்டு போனாலும் அது தண்ணீரின் இயல்பு என்று வாதாடலாம்.

நான் வாதாடினேன். பூந்தமல்லியிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் கோட்டு வந்தது. பித்தானைச் சோதித்துப் பார்க்காமல் மெஷினில் போட்டுவிட்டேன். அது மலிவு பிளாஸ்டிக். திரவம் பட்டதும் இளகி, சப்பிய மிட்டாய் மாதிரி கோட்டின் மார்பில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையிடம், பித்தான் செய்தவன் உங்களை ஏமாற்றிவிட்டான் என்று வருத்தம் தெரிவித்தேன். அவரும் பித்தான்காரனைத் திட்டிக்கொண்டே போனார். இன்னொருவருக்கு கோட்டின் உள்ளே ஒட்டியிருந்த துணி விட்டுப்போய் முன்பக்கம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. இப்போது இப்படித்தான் வருகிறது என்று சொல்லி அனுப்பினேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் ஒரு வரவேற்புக்குப் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நெஞ்சில் தட்டிக்கொண்டு பாவத்தை ஒப்புக்கொள்கிற ஆள் நான். சத்தமாகவே தட்டுவேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் ஏழாவது நிபந்தனை. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. சேவியர் வாயிலிருந்து தப்பு என்ற சொல்லை வாங்கவே முடியாது என்று முதலாளி பெருமையாகச் சொல்லுவார். அது எனக்குப் பட்டம் மாதிரி இருந்தது.

ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது நிவேதா வந்தாள். வானகரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்கின் தரத்தைச் சோதிக்கிற வேலை, அதாவது நாள் முழுக்க அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை. சந்தன நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒரு பட்டுப் புடவையைக் கவுண்டரில் வைத்தாள்.

"நிச்சயதார்த்தப் புடவை சார். ஒரே ஒரு தடவைதான் கட்டினேன். வர்ற ஞாயித்துக்கிழமை தம்பி கல்யாணம். அதுக்குக் கட்டணும்."

"ஏதாவது கொட்டிச்சாமா இதுல?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இல்லவே இல்ல சார்."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். புடவையைப் பிரித்துத் தடவிப் பார்த்து, டேக்கில் குறிப்பு எழுதி, ஊசி குத்தி உள்ளே அனுப்பினேன். கையும் பேனாவும் தாமாகவே ஓடுகிற வேலை அது.

வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க வந்தபோது அவளோடு மாமியாரும் வந்திருந்தார். பெயர் கன்னியம்மா. வானகரத்தில் பழைய குடும்பம். நிலம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, இவர்களுக்கு மிஞ்சியது வீடு மட்டும். இடுப்பில் ஏழு மாதப் பேத்தி. பேத்திக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து. துவைத்துத் துவைத்து மெலிந்துபோன ஒரு நூல் புடவை கட்டியிருந்தார்.

தரம் பார்க்கிற பெண் அல்லவா, நிவேதா கவரைப் பிரித்துப் புடவையை அங்கேயே விரித்தாள். கொசுவம் வருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. சுற்றிலும் தெறித்த பொட்டுகள்.

"என்ன சார் இது?"

கை பில்லை நோக்கிப் போய்விட்டது. அன்றைக்கு முதலாளியும் கடையில் இருந்தார். வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு காத்திருந்தார்கள். ஆனால் கறையைப் பார்த்ததும் பில் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. ஓரம் மட்டும் அழுத்தமாக, நடுவில் வெளிறி, சுற்றிலும் துளித்துளியாக. இது சர்க்கரை. யாரோ எதையோ கொட்டியிருக்கிறார்கள். எத்தனையோ வருடமாகச் செய்த தப்பை இல்லை என்று சொல்லி வந்தவனுக்கு, கடைசி கடைசியாகச் செய்யாத தப்பு ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இது எங்க கறை இல்லமா. இது சர்க்கரை" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஓரத்தில் ஒற்றி எடுத்துக் காட்டினேன். "பாருங்க, பிசுபிசுக்குது. இளநீரோ பன்னீர் சோடாவோ, கலர் இல்லாத எதோ ஒண்ணு கொட்டியிருக்கு. காஞ்சதும் மறைஞ்சிருக்கும். சூட்டுல வெளிய வந்துடுச்சு."

நிவேதா பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் விரலை விட்டு எண்ணினாள்.

"நிச்சயத்தன்னைக்கு ஒரு மணி நேரம் கட்டினேன். எதுவும் கொட்டல, வீடியோ இருக்கு. மறுநாளே பீரோவுல வச்சாச்சு. டெலிவரிக்கு நான் எங்கம்மா வீட்டுக்குப் போய் அஞ்சு மாசம் இருந்தேன். புடவை இங்க வானகரம் வீட்லதான் பூட்டுன பீரோவுல இருந்துச்சு. பூட்டுன பீரோவுக்குள்ள உக்காந்து யாரு சார் பன்னீர் சோடா குடிச்சாங்க?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளிகூட லேசாகச் சிரித்தார். அதை உங்க வீட்ல கேளுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தோடு முடிந்திருக்கும்.

அப்போதுதான் கன்னியம்மா பேசினார்.

"உடும்மா. பாவம், அவரு இன்னா பண்ணுவாரு. துணின்னா அப்டி இப்டி ஆவறதுதான். வா, ஊட்டுக்குப் போலாம்."

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அத்தனை வருடத்தில் திட்டியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, மேஜையைத் தட்டியவர்கள் உண்டு. கடைக்காரனுக்காகப் பரிந்து பேசிய வாடிக்கையாளர் வீட்டு ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நம்மைப் பார்த்து யாராவது பாவம் என்று சொன்னால் உடனே உஷாராகிவிட வேண்டும்.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கடையில் எல்லோரும் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் பார்க்கவில்லை. பேத்தியின் கொலுசைத் திருகிக்கொண்டே இருந்தார். கொலுசுக்குக் கீழே சாவிக்கொத்து.

"அத்தை, நீங்க சும்மா இருங்க" என்றாள் நிவேதா. "இவங்க தப்ப இவங்க ஒத்துக்கற வரைக்கும் நான் நகரப் போறதில்ல."

குரலில் மரியாதைக் குறைவு இல்லை. நல்ல பெண். ஆனால் தரம் பார்க்கிற பெண். நான் ஒரே வரி சொன்னால் போதும், அவள் வீட்டுக்குப் போவதற்குள் கணக்குப் போட்டுவிடுவாள். பீரோ யார் வீட்டில், சாவி யார் இடுப்பில் என்று. அப்புறம் அவள் ஒரு வார்த்தை கேட்காவிட்டாலும் அந்த அம்மா மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் இருக்க வேண்டும், மிச்சக் காலம் முழுக்க.

முதலாளி எழுந்து வந்தார். பில்லைத் திருப்பி, ஏழாவதற்கு நேராக விரலை வைத்து என் முன்னால் நகர்த்தினார்.

"எங்க தப்புதான்மா" என்றேன்.

உள்ளே நீராவி அயர்ன் சத்தம் நின்றது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அவர் காதுகளையே அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

"எப்படி?" என்றாள் நிவேதா.

எப்படி என்று யோசித்து வைத்திருக்கவில்லை. ஒப்புக்கொண்டு பழக்கமிருந்தால்தானே. "உள்ள மேஜை மேலயே வச்சு சோடா, ஜூஸ் எல்லாம் குடிக்கிறோம்மா. அது பட்டிருக்கும். மெஷின்ல போடறதுக்கு முன்னாடி நான் கையால தடவிப் பாத்திருக்கணும். ஒழுங்காப் பாக்கல. பாத்திருந்தா இந்தக் கறையே வந்திருக்காது."

"நா எப்பண்ணே ஜூஸ் குடிச்சேன்?" என்று உள்ளேயிருந்து அயர்ன்காரர் குரல் வந்தது. அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

சண்டைக்குத் தயாராக வந்தவளிடம் சண்டை இல்லை என்று சொல்லிவிட்டால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாது. நிவேதா புடவையைப் பழைய மடிப்பிலேயே மடிக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா காஞ்சிபுரம் போயி ரெண்டு நாள் தங்கி, கடை கடையா ஏறி எறங்கி எடுத்த புடவை சார். ஞாயித்துக்கிழமை நான் இதக் கட்டிட்டு வருவேன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க."

"சனிக்கிழமைக்குள்ள என்னால முடிஞ்சத எடுத்துத் தரேன்மா."

அவர்கள் போனதும் முதலாளி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா சேவியர்? இத்தினி வருஷமா வராத உண்மை இன்னிக்கு இன்னாத்துக்கு வந்துச்சு?"

"உண்மை இல்ல முதலாளி. பொய்தான் சொன்னேன்."

"அப்ப இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அந்தப் புடவையோடு மேஜையில் உட்கார்ந்தேன். ரொம்பப் பெரிய மனதோடு உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண்மணியின் மானத்தைக் காப்பாற்ற என் பட்டத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறேன் அல்லவா. எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாத குறை. வெதுவெதுப்பான தண்ணீரில் கிளிசரின் கலந்து ஒற்றினேன். ஊறவிட்டேன். மறுபடி ஒற்றினேன். பட்டில் அவசரப்பட்டால் நூல் கலைந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும், அதனால் பூனை நடக்கிற வேகத்தில்தான் எல்லாம்.

மதியம் புடவையைத் திருப்பிப் போடும்போது டேக் கண்ணில் பட்டது. உள்ளே இன்னும் ஊசியோடு இருந்தது. என் கையெழுத்து. கொசுவப் பக்கம் மொறமொறப்பு, ரோல் பாலிஷ், என்று எழுதியிருந்தேன்.

ரோல் பாலிஷ் என்பது உங்களுக்குத் தெரியும். துவண்டுபோன பழைய பட்டுக்குக் கஞ்சி மாதிரி ஒன்றைக் கொடுத்து, உருளையில் சுற்றி விறைப்பாக்குவது. பாதிப் புடவைகள் அப்படித்தான் நம்மிடம் வருகின்றன. ஆனால் ஒரு மணி நேரம் கட்டி மடித்து வைத்த புதுப் புடவைக்கு யார் பாலிஷ் போடுவார்கள்? அதுவும் கொசுவத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்?

என் விரல் அந்தச் சர்க்கரையைத் தொட்டிருக்கிறது. மொறமொறப்பு என்று சரியாகவே சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு என் புத்தி சோம்பேறித்தனமாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அதை என் கையாலேயே எழுதவும் வைத்திருக்கிறது. எதிரே நின்றவளிடம், பாலிஷ் போட்டீங்களாமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள். நான் ஐந்து நிமிடத்தில் எடுத்திருப்பேன். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த அம்மா பேத்தியின் கொலுசைத் திருகிக்கொண்டு நின்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

முந்தின நாள் கவுண்டரில் பொய் என்று நினைத்துச் சொன்னதில் சோடா மட்டும்தான் பொய். மற்றது வரிக்கு வரி உண்மை. பெரிய மனது பண்ணி அடுத்தவர் பழியை ஏற்றுக்கொண்டதாக நெஞ்சை நிமிர்த்தியவன், தன் பழியைத்தான் ஏற்றிருக்கிறான், அதுவும் தெரியாமல். வெட்கமாக இருந்தது. அயர்ன்காரர் என்னண்ணே என்று கேட்டார். கண்ணில் கிளிசரின் பட்டுவிட்டது என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம்வரை போராடினேன். கறை முக்கால்வாசி போனது. இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும் அளவுக்கு ஒரு நிழல் மிஞ்சியது. நிவேதா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உடனே கண்டுபிடித்துவிட்டாள். "கொசுவத்த ரெண்டு விரல் தள்ளி எடுங்கமா, உள்மடிப்புக்குப் போயிடும்" என்றேன். தலையாட்டிக்கொண்டு வாங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அவள் நம் கடையைப் பற்றி இணையத்தில் எழுதியதை முதலாளி போனில் காட்டினார். புடவையைக் கெடுத்துவிட்டார்கள், ஆனால் நேருக்கு நேர் ஒப்புக்கொண்டார்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு கடையைப் பார்ப்பது அரிது, மூன்று ஸ்டார். முதலாளி அதைப் படித்துப் படித்துப் பார்த்தார். அந்த மாதம் புது ஆட்கள் நிறைய வந்தார்கள். வாசலில் இப்போது நீங்கள் பார்க்கிற 'நேர்மையே எங்கள் மூலதனம்' போர்டு அப்போது வைத்ததுதான். பில்லின் பின்பக்கம் ஏழாவது நிபந்தனையும் பத்திரமாக இருக்கிறது. எழுத்தைத்தான் இன்னும் கொஞ்சம் சிறிதாக்கிவிட்டார்கள்.

இதில் உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றால், சந்தேகம் வந்தால் கேளுங்கள் என்பதுதான். உங்கள் விரல் ஒன்று சொல்லும்போது அதற்குப் பொருத்தமான காரணத்தை நீங்களே தயாரிக்காதீர்கள். எதிரே நிற்கிற ஆளிடம் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் கேட்காமல் விட்டதற்கு எவ்வளவு ஆயிற்று என்பதை, கல்யாணம் முடிந்த வாரம் கன்னியம்மா வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துத் தனியாக வந்திருந்தார். கையில் துணி எதுவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அன்னிக்கு உனுக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல?"

"என்னதும்மா?"

"நடிக்காத நைனா."

நான் தம்ளரை வாங்கி வைத்தேன். அவராகவே சொன்னார்.

"அவ பிரசவத்துக்குப் போயிருந்தப்போ, திருமழிசைல என் தங்கச்சி பேத்திக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனாங்கோ. அல்லாரும் பட்டு கட்டிகினு வருவாளுங்கோ. என் பட்ட எலி கடிச்சிட்ச்சு. பீரோவத் தொறந்தா இது கீது. ஒரு நாளுதானேன்னு எடுத்துக் கட்னேன். கண்ணாடில பாத்தா, நானா இதுன்னு கீது. போட்டோவுக்குக்கூட நிக்கல, அவ போன்ல பாத்துடுவான்னு. பந்தில குந்த சொல்ல பக்கத்துல இருந்த புள்ள பன்னீர் சோடாவத் தட்டி உட்டுச்சு. ஊட்டுக்கு வந்து தண்ணி தொட்டுத் தொடச்சி ஃபேனுக்குக் கீழ போட்டேன். காஞ்சா ஒண்ணுமே தெரில. தப்பிச்சேன்டா சாமின்னு மடிச்சி வச்சிட்டேன்."

"மருமககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"அவ கெட்டவ இல்ல. போன்ல கேட்டிருந்தா அவளே கட்டிக்கோன்னு சொல்லியிருப்பா. கேக்கத்தான் வாய் வர்ல." சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டார். "நீ அன்னிக்கு சொல்லியிருந்தா, அவ இத்தக் கேக்க மாட்டா. நானே கழட்டிக் குடுத்திருப்பேன். அப்பறம் அந்த ஊட்ல நானு யாரு? ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு கொசுவத்த இப்டி இழுத்து இழுத்து உட்டுக்கினே இருந்துச்சு. பாக்க சொல்ல வயிறு எரிஞ்சிச்சு. எல்லாம் என்னாலதானே."

என்னால் தாங்க முடியவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து அந்த டேக்கை எடுத்தேன்.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. எங்க மேஜையில சோடா கொட்டுச்சுன்னு சொன்னது மட்டும்தான் பொய். ஒழுங்காப் பாக்கலைன்னு சொன்னது நிஜம். உங்க மருமக கொடுத்தப்ப அந்தக் கறை கண்ணுக்குத் தெரியல, ஆனா என் கையில பட்டுச்சு. பாலிஷ்னு நெனச்சு நானா எழுதி வச்சுட்டேன். இதோ, என் கையெழுத்து. ஒரு வார்த்த கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தண்ணியிலயே போயிருக்கும். பாதிதான் உங்க தப்பு. பாதி என் தப்பு."

அவர் டேக்கை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் இன்னா படிச்சா கீறேன்" என்று திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தப் பாரேன். இன்னும் எனுக்கோசரம் பொய் சொல்ட்டுகினு கீறான்."

"பொய் இல்லம்மா. சத்தியமா."

"சத்தியம்லாம் பண்ணாத நைனா. எனுக்காவ நீ எதுக்கு அதெல்லாம் பண்ற. பண்ணது நானு. நீ நல்லா இரு, உன் புள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

எழுந்து போனார். நான் கவுண்டரை விட்டுவிட்டு பஸ் நிறுத்தம்வரை கூடவே போய் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். விரல், மொறமொறப்பு, பாலிஷ், ஐந்து நிமிடம் எல்லாவற்றையும். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல் "சரி நைனா, சரி, சரி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். பஸ் வந்தது. என் பாதியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா ஏறிப் போனார்.